பல்பொடி டப்பாக் கீச்சான்

எங்கள் பக்கத்து வீட்டு மாடியில் தொட்டி நிறையும்போதெல்லாம் ஒரு பெண்குரல் பேசுகிறது. தொட்டி நிரம்பிவிட்டது, மோட்டாரை நிறுத்துங்கள் என்று நயமாக, நாலு வீட்டுக்குக் கேட்கும்படி. அதற்கு முன்னால் கோயில் மணி மாதிரி ஓர் ஓசை வேறு. அந்த வீட்டுக்காரர் வாய் நிறையப் பேஸ்ட் நுரையோடு வந்து சுவிட்சைத் தட்டிவிட்டுப் போகிறார். தண்ணீருக்குள் கம்பி போகிறதே, கரண்டு பாயுமே, குளிக்கிற பிள்ளைகள் செத்துப்போகுமே என்று இந்தத் தெருவில் ஒரு ஆள் வாயைத் திறக்க வேண்டுமே. ஒருவரும் திறப்பதில்லை. எனக்குத்தான் காலையில் காப்பி இறங்குவதற்குள் கோபம் ஏறிவிடுகிறது.

என் வயதுக்காரர்கள் நீங்கள், உங்களிடம்தான் இதைச் சொல்ல முடியும். மருமகளிடம் சொன்னால், இதற்கா அத்தை இத்தனை வருஷக் கோபம் என்று சிரிக்கிறாள். ஆமாம், இதற்குத்தான். கோபம் என்ன அரிசி மூட்டையா, வண்டு விழுந்து வீணாகிப்போக? ஒழுங்காக வைத்திருந்தால் அப்படியே இருக்கும்.

அப்போதெல்லாம் கோவில்பட்டியில் எங்கள் தெருக் குழாய் தரைக்கு மேல் நிற்காது, உங்களுக்கு ஞாபகம் இருக்கும். தண்ணீர் மேலே ஏற வேகம் போதாது என்று ரோட்டோரத்தில் இடுப்பளவு குழி தோண்டிக் குழாயை உள்ளே இறக்கி வைத்திருந்தார்கள். ஒருத்தி குழிக்குள் இறங்கிக் குடத்தை வைக்க, மேலே நிற்பவள் குனிந்து தூக்க வேண்டும். தினமும் வருகிற தண்ணீரும் இல்லை அது. எந்த நாளில் வரும், எந்த நேரத்தில் வரும் என்று சொல்ல ஆள் கிடையாது. வருவதற்கு முன்னால் குழாய் கொஞ்ச நேரம் காற்றை விட்டுச் சீறும், அப்புறம் துப்பும், அப்புறம்தான் தண்ணீர். முதலில் நல்ல வேகமாக விழும். போகப் போக நூலாகிவிடும்.

வரிசையில் ஆளுக்குப் பதிலாக ஒரு கல்லையோ உடைந்த பானையையோ போட்டு வைப்பது வழக்கம். ஆனால் தண்ணீர் வருகிற நேரத்தில் கல்லுக்குச் சொந்தக்காரி பக்கத்தில் இல்லையென்றால், அடுத்தவள் அந்தக் கல்லைக் காலால் தள்ளிவிட்டு முன்னால் போகலாம். கல்லு இடம் பிடிக்கும், தண்ணி பிடிக்காது என்பது எங்கள் தெருச் சட்டம். அந்தச் சட்டத்தால் அதிகம் அடிபட்டது எங்கள் கல்தான்.

எங்களுக்குப் பூர்வீகம் புதூர்ப் பக்கம். மானாவாரிக் கரிசல். மழை தொடர்ந்து ஏமாற்றியதில் அப்பா வடக்கே வேலைக்குப் போய்விட்டார். அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு டவுனுக்கு வந்து தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கப் போனாள். மருந்தில் முக்குவதற்காகச் சட்டத்தில் குச்சிகளை ஒவ்வொன்றாகச் சொருகுகிற வேலை. விடிந்ததும் போனால் பொழுது சாயத்தான் வருவாள். நாங்கள் குடியிருந்தது ஒரு வளவில். பொது முற்றத்தைச் சுற்றி வரிசையாக வாடகை வீடுகள், வீட்டுக்கு ஓர் அறையும் ஓர் அடுப்படியும். வளவுக்குச் சொந்தக்காரர்கள் அதை ஒட்டியே தெரு முக்கில் பெரிய வீட்டில் இருந்தார்கள். அந்த வீட்டம்மாவை நான் முக்கு வீட்டு அத்தை என்று கூப்பிடுவேன். அம்மாவுக்கு அவள் மதினி. சொந்தமெல்லாம் ஒன்றும் கிடையாது, வாடகை கொடுக்கிறவர்கள் மதினி என்று கூப்பிட்டால் அவளுக்குப் பிடிக்கும்.

தெருக்குழி சரியாக அவர்கள் சுவரை ஒட்டி இருந்தது. போதாததற்கு அவர்கள் முற்றத்திலேயே தனிக்குழாய் ஒன்றும் இருந்தது. பைப்பு அந்தப் பக்கமிருந்து வருவதால் அவர்கள் குழாயில்தான் முதலில் சீறும். சீறியதும் அத்தை முற்றத்துக் குழாயைத் திறந்துவிட்டு, தெருக்குழாயிலும் ஒரு ஹோஸைச் சொருகி ஜன்னல் வழியாக வீட்டுக்குள் இழுத்துக்கொள்வாள். தொட்டி, டிரம், அண்டா, பூந்தொட்டி என்று எல்லாம் நிறைந்த பிறகுதான் தெருவுக்கே தண்ணீர் வந்த செய்தி தெரியும். வெயில் கொளுத்துகிற மத்தியானத்தில் எல்லோரும் உள்ளே கிடப்போம், யாருக்குச் சீற்றம் கேட்கும்? சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்களே, எங்கள் தெருவில் பூசாரிக்கு ஹோஸும் இருந்தது.

ஏழாவது முடிந்த கோடை லீவில் குழாயடியில் காவல் இருப்பது என் வேலையாயிற்று. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு குழி ஓரத்தில் உட்கார்ந்திருப்பேன். கரிசல் ஊர் வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, சைக்கிள் டயர் இளகுகிற வெயில். லீவு பாதியில் ஒரு நாள் அம்மா சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்.

"பள்ளிக்கூடம் திறந்தா யாரு குழாயடியில இருக்கது? எழுதப் படிக்கத் தெரிஞ்சிட்டுல்லா, போதும். நீ இங்கன தண்ணியப் பாரு."

அதற்கு முந்தைய மாதம் தண்ணீர் பிடிக்க அம்மா வேலையை விட்டுப் பாதியில் ஓடி வந்ததற்கு, இன்னொரு தடவை ஓடினால் திரும்ப வர வேண்டாம் என்று ஆபீஸ் கணக்குப்பிள்ளை சொல்லியிருந்தார். வேலை போனால் சோறு இல்லை, தண்ணீர் போனால் உப்புக்கிணறு. ரெண்டுக்கும் நடுவில் என் எட்டாவது வகுப்பு. அம்மாவிடம் அப்போதே கேட்டேன், பக்கத்து வீட்டுச் சித்தி பிடித்து வைத்தால் நான் போகலாமா என்று. போலாம், ஆனா அவளுக்குத் தண்ணி வந்தது தெரியணும்லா என்றாள் அம்மா.

சித்தி வீட்டிலேயே தீப்பெட்டி ஒட்டுகிறவள். கைக்குழந்தைக்காரி. அவள் வீட்டு அடுப்படிச் சுவரும் முக்கு வீட்டு முற்றத்துச் சுவரும் ஒன்றுதான், ஆனாலும் குழந்தை அழுகையிலும் வேலையிலும் அவளுக்குக் குழாய் சீறுவது கேட்காது. கேட்டால் எங்கள் குடத்தையும் நிரப்பி வைக்க அவளுக்கு மனம் உண்டு. ஆக, என் படிப்புக்கு வேண்டியது புத்தகமும் இல்லை, பேனாவும் இல்லை. ஒரு சத்தம். அவ்வளவுதான்.

பள்ளிக்கூட நூலகத்திலிருந்து லீவுக்கு எடுத்து வந்த ஓர் அறிவியல் மாத இதழில் மழை வந்தால் கத்துகிற கருவி ஒன்றின் படம் போட்டிருந்தார்கள். மழைத்துளி ரெண்டு கம்பிகளை இணைத்ததும் சத்தம் போடுமாம். எங்கள் ஊரில் அதை வைத்தால் ஊமையாகவே துருப்பிடித்துச் சாகும் என்று முதலில் சிரித்தேன். பிறகு இரண்டாவது தடவை படித்தேன். மழைத் தண்ணீர்தான் வேண்டும் என்று அதற்கு என்ன கட்டாயம்?

மாமா பம்பாயிலிருந்து கொண்டுவந்து கொடுத்த அலாரக் கடிகாரம் ஒன்று கீழே விழுந்து செத்துப்போய்ப் பரணில் கிடந்தது. பிரித்தேன். உள்ளே ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குப் பித்தளைத் தகடு, நடுவில் வெள்ளையாக ஒரு வட்டம், அதிலிருந்து தலைமுடி மாதிரி ரெண்டு ஒயர். இவ்வளவுதானா கத்தியது என்று ஆச்சரியமாக இருந்தது. அப்பா விட்டுப்போன பாக்கெட் ரேடியோவும் செத்ததுதான். அதிலிருந்து டிரான்சிஸ்டர் ரெண்டையும் மற்ற சில்லறைகளையும் எடுத்துக்கொண்டு ரேடியோ ரிப்பேர் கடை பாயிடம் போனேன். படத்தைக் காட்டி ஈயம் வைத்துத் தரச் சொன்னேன். அவர் படத்தையும் என் ரெட்டைச் சடையையும் மாறி மாறிப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் வைத்துக் கொடுத்தார். நாலு டார்ச் செல் போட்டேன். கத்தியது. ஆனால் கொசு கத்துகிற மாதிரி.

அந்தத் தகட்டோடு நான் பட்ட பாடு இருக்கிறதே. தீப்பெட்டிக்குள் வைத்துப் பார்த்தேன், கொஞ்சம் கூடியது. தேங்காய்ச் சிரட்டையில் ஒட்டினேன், அமுங்கிவிட்டது. முழுத் தகட்டையும் ஒட்டினால் அது மூச்சு விட முடியாது, விளிம்பை மட்டும் ஒட்டி நடுவை விட்டுவிட வேண்டும் என்பது எத்தனையோ தடவை பிய்த்து ஒட்டிய பிறகுதான் புரிந்தது. கடைசியில் பல்பொடி டப்பா மூடியில் ஆணியால் ஓர் ஓட்டை போட்டு, சித்தியிடம் தீப்பெட்டி ஒட்டுகிற, பூச்சி அரிக்காமலிருக்கத் துத்தம் கலந்த மைதாப் பசை வாங்கி, விளிம்பை மட்டும் ஒட்டிக் காய வைத்தேன். மூடியின் ஓரத்தில் ஒரு நெளிவு இருந்தது. அந்த இடத்தில் மட்டும் பசை சரியாகப் பிடிக்கவில்லை. ஒயரைத் தண்ணீர்த் தம்ளரில் நனைத்ததும் கீ என்று ஆரம்பித்து, கிர்ர் என்று ஓர் இழுப்பும் சேர்ந்து வந்தது. சித்தியின் குழந்தை தூக்கத்திலிருந்து எழுந்து வீறிட்டது. அந்தக் கிர்ரை நிறுத்த என்னென்னவோ செய்தேன், நிற்கவில்லை. அது அதன் குரல் என்று விட்டுவிட்டேன்.

குழாய்க்கு அடியில் சிரட்டை ஒன்றைக் கட்டி, ரெண்டு கம்பி முனைக்கும் நடுவில் ஒரு தீக்குச்சியை வைத்துத் தள்ளி நிற்கும்படி அதில் சொருகினேன். குழாய் துப்புகிற முதல் எச்சில் சிரட்டையில் விழுந்தாலே போதும். எங்கள் ஊர்த் தண்ணீரில் உப்புக்குப் பஞ்சமா, கரண்டு ஓடோடிப் போகும். ஒயரைச் சுவரோரமாக இழுத்து வந்து வளவு வாசல் ஆணியில் டப்பாவை மாட்டினேன். தெருப் பிள்ளைகள் அதற்குக் கீச்சான் என்று பேர் வைத்தார்கள்.

முதல் தடவை அது கத்தியது ஒரு மத்தியானம். வளவிலிருந்தும் எதிர் வீடுகளிலிருந்தும் பெண்கள் குடத்தோடு ஓடி வந்தார்கள். முக்கு வீட்டு அத்தை ஹோஸைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு வந்து பார்த்தால், குழிக்குள் ஏற்கெனவே ஒருத்தி இறங்கி நிற்கிறாள். ஹோஸைச் சொருக வழியில்லை. அன்றைக்கு எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் குடம் நிறைந்தது. எங்கள் குடங்களைச் சித்தி நிரப்பி வைத்திருந்தாள். சாயங்காலம் அம்மா வந்து பானையைத் திறந்து பார்த்துவிட்டு, பாடப் புத்தகம் பழசு யாரிடமாவது கிடைக்குமா என்று விசாரிக்கச் சொன்னாள். அதைவிடப் பெரிய பாராட்டை நான் பிறகு எந்த ஆபீஸிலும் வாங்கவில்லை.

அடுத்த தடவையும் அதற்கடுத்த தடவையும் அப்படியே. முக்கு வீட்டுப் பூந்தொட்டிகள் வாட ஆரம்பித்தன. சங்கு ஊதுற மாதிரி இது என்னட்டி சத்தம், தலை வலிக்கி என்று அத்தை ஒரு தரம் சொல்லிப் பார்த்தாள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிறகு ஒரு நாள் தெருக்குழியிலிருந்து பித்தளைக் குடத்தைத் தூக்கும்போது அம்மாடி என்று கையை உதறிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். முழங்கை வரைக்கும் ஜிவ்வென்று இழுத்ததாம். அவள் மகன் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிக்கல் படித்துக்கொண்டிருந்தான், நாங்கள் அண்ணன் என்போம். அவன் வந்து குழிக்குள் எட்டிப் பார்த்து, ஒயரைத் தொட்டுப் பார்த்து, தலையை ஆட்டினான். தண்ணீரில் கரண்டு பாய்கிறது என்றான். அவ்வளவுதான், காட்டுத்தீ.

சாயங்காலம் குழாயடியில் தெருவே கூடிவிட்டது. அம்மா வேலையிலிருந்து நேராக அங்கேதான் வந்தாள், முந்தானையில் மருந்துத் தூள் ஒட்டியிருந்தது. நாலு டார்ச் செல், கையில் எடுத்தால் கூசக்கூடச் செய்யாது என்று நான் தொண்டை கிழியச் சொன்னேன். ரேடியோ கடை பாயிடம் கேளுங்கள் என்றேன். கடை அடுத்த தெருவில்தான். ஒரு எட்டு போய்க் கேட்டிருக்கலாம். கேட்கவில்லையே. எலக்ட்ரிக்கல் படிக்கிறவன் இங்கேயே நிற்கும்போது பாயிடம் என்ன கேட்பது என்றார்கள். அப்போதுதான் எனக்கு ஆத்திரம் தாங்காமல், சிரட்டையிலிருந்து ரெண்டு கம்பியையும் உருவி, எல்லோரும் பார்க்க என் நாக்கில் வைத்துக்கொண்டேன்.

நியாயமாக அதோடு வழக்கு முடிந்திருக்க வேண்டும். நாக்கில் வைத்தும் பெண் கல்லு மாதிரி நிற்கிறாளே என்று பார்த்திருக்க வேண்டும். ஆனால் நாக்கின் ஈரத்தில் கம்பி ரெண்டும் சேர்ந்து, வாசலில் தொங்கிய டப்பா கீ… கிர்ர் என்று கத்திவிட்டது. கூட்டம் அப்படியே ஓர் அடி பின்னால் போயிற்று. ஒருத்தி குழந்தையை இழுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"பாத்தீங்களா?" என்றான் பாலிடெக்னிக் அண்ணன். "கரண்டு இல்லாம எப்படிக் கத்தும்? அவ வாயிலயே ஓடுது. நான் இதைத்தான படிக்கேன், எனக்குத் தெரியாதா?"

பாருங்கள், அவன் சொன்னதில் பொய்யே கிடையாது. கரண்டு ஓடத்தான் செய்தது. எவ்வளவு என்று மட்டும் சொல்லவில்லை. எறும்பு கடிக்கிற அளவுகூட இல்லை என்று அவனுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், அங்கே நின்ற மற்ற ஒருவருக்கும் தெரியாது. நான் உயிரோடு நிற்பது அவர்கள் கண்ணுக்குத் தெரியவில்லை, டப்பா கத்தியதுதான் தெரிந்தது. நிரூபிக்கப் போய் நானே என் தலையில் மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டேன்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அவளாவது ஒரு வார்த்தை சொல்வாள் என்று. அம்மா வாசலுக்குப் போய், தன் கையாலேயே டப்பாவை ஆணியிலிருந்து கழற்றி, ஒயரைச் சுற்றி, முக்கு வீட்டு அத்தையிடம் கொடுத்தாள்.

"மன்னிச்சுக்கிடுங்க மதினி. வெவரம் தெரியாத புள்ள. இனிமே அவளே இங்கன காவல் இருப்பா."

ஷாக்கு, ஷாக்கு என்று ஊரே சொன்னதில் எனக்கு எதுவும் ஆகவில்லை. அந்த வார்த்தையில்தான் ஆயிற்று. விவரம் தெரிந்தவள் அங்கே நான் ஒருத்திதான் இருந்தேன்.

பள்ளிக்கூடம் திறந்தது. என்னோடு படித்தவர்கள் புதுப் பாவாடையில் எங்கள் தெரு வழியாகத்தான் போனார்கள். நான் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு குழி ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒருத்தி நின்று, ஏட்டி நீ வரலையா என்று கேட்டாள். தண்ணி வரட்டும் வாரேன் என்றேன். இதைச் சொல்லும்போதே இப்போதும் என் காது சுடுகிறது. முக்கு வீட்டு ஹோஸ் பழையபடி ஜன்னலிலிருந்து இறங்க ஆரம்பித்திருந்தது. அதுவும் முன்னைவிட வேகமாக. நான் காவல் இருந்தும், குழாய் சீறுவதற்கு முன்பே அண்ணன் ஹோஸோடு வந்து நின்றான். இவர்களுக்கு மட்டும் மூக்கில் எப்படி வேர்க்கிறது என்று எனக்கு விளங்கவே இல்லை.

ஒரு நாள் சித்தி வாசலில் நின்று கையை அசைத்துக் கூப்பிட்டாள். குழந்தை தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. அடுப்படிக்குள் கூட்டிப்போய்ச் சுவரைக் காட்டினாள்.

"சத்தம் போடாத. செவத்துல காதை வை."

வைத்தேன். சுவருக்கு அந்தப் பக்கம், முக்கு வீட்டு முற்றத்தில், கீ… கிர்ர். கீ… கிர்ர். பெற்றவளுக்குப் பிள்ளையின் இருமல் தெரியாமல் போகுமா? என் டப்பா. என் நெளிவு. துத்தப் பசை பிடிக்காத அந்த ஓரம். பிள்ளைகளைக் கொல்லும் என்று தெருவைக் கூட்டிப் பிடுங்கிய சாமானைத் தங்கள் வீட்டுக் குழாயிலேயே கட்டி வைத்திருக்கிறார்கள். அவர்கள் தண்ணீரில் மட்டும் கரண்டு பாயவில்லை போலிருக்கிறது.

நான் வெளியே பாய்ந்தேன். தெருவைக் கூட்ட வேண்டும், அந்த வீட்டு வாசலில் நின்று கத்த வேண்டும். சித்தி என் மணிக்கட்டை விடவில்லை. குழந்தைக்காரிக்கு அவ்வளவு பலம் எங்கேயிருந்து வந்ததோ.

"கத்துனா அதையும் கழத்திருவாவ. கெடக்கட்டும்டி. அவியளுக்குத்தான் கத்துது, நமக்கும் காது இருக்குல்லா."

அன்றைக்குத் தெருக்குழாயில் முதல் சொட்டு விழுவதற்கு முன்பே நாங்கள் குடத்தோடு குழிக்குள் இறங்கிவிட்டோம். ஹோஸோடு வந்த அண்ணன் திகைத்து நின்றான். எப்படித் தெரிந்தது என்று அவன் கேட்கவில்லை. எப்படிக் கேட்பான்? கேட்டால் அவனுக்கு எப்படித் தெரிந்தது என்று நாங்கள் கேட்போமே.

சாயங்காலம் சித்தி அம்மாவிடம், பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்க, தண்ணிக்கு நான் பொறுப்பு என்றாள். எப்படி என்று அம்மா கேட்டதற்கு, அடுத்த தண்ணி வரட்டும், காட்டுதேன் என்றாள். தண்ணீர் அடுத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது, அம்மாவும் வீட்டில் இருந்தாள். சித்தி அவளை அடுப்படிக்குக் கூப்பிட்டுச் சுவரில் காதை வைக்கச் சொன்னாள். அம்மா வெகுநேரம் வைத்திருந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மறுநாள் காலையில் எனக்கு ரெட்டைச் சடை போட்டு, ரிப்பனும் கட்டிவிட்டாள்.

இப்படியாக நான் படித்தேன். பெருமையாகவா சொல்கிறேன்? என் சாமானை என்னிடமிருந்து பிடுங்கி, அதன் சத்தத்தைச் சுவர் வழியாக எனக்குப் பிச்சை போட்ட படிப்பு. செல் தீரத் தீரக் கீச்சான் குரல் இறங்கும், அப்போதெல்லாம் எனக்குத் தூக்கம் வராது. அண்ணன் புது செல் போட வேண்டுமே என்று எந்தச் சாமியைக் கும்பிடுவது? என் பள்ளிக்கூடம் அவன் வீட்டு டார்ச் செல்லில் தொங்கிக்கொண்டிருந்தது. போட்டான், அவன் பூந்தொட்டிக்காக. அதில் நானும் நனைந்தேன். நான் பத்தாவது முடிப்பதற்குள் தெருவுக்கு மேல்நிலைத் தொட்டி வந்துவிட்டது, பிறகு தொலைபேசி இலாகாவில் வேலை கிடைத்தது, அம்மாவைக் கூட்டிக்கொண்டு வளவை விட்டு வந்து வீடும் கட்டினோம். அந்த வளவில் கடைசி நாள் வரைக்கும் யாரும் வந்து, அன்றைக்குச் சொன்னது தப்பு என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை.

இதையெல்லாம் இப்போது கிளறுவதற்குக் காரணம் போன மாதம் கடம்பூரில் நடந்த கல்யாணம். கீச்சான் சத்தத்துக்கு வீறிட்டு அழுததே சித்தியின் குழந்தை, அவனுடைய மகளுக்குக் கல்யாணம். சித்தி போய்ச் சேர்ந்து ரொம்ப நாளாகவில்லை. எண்பதைத் தொடுகிற அம்மாவைக் காரில் கூட்டிப் போயிருந்தேன். பந்தியில் எங்களுக்கு எதிர் வரிசையில் பாலிடெக்னிக் அண்ணன் உட்கார்ந்திருந்தார். இப்போது பெரிய எலக்ட்ரிக்கல் கடை. தொட்டியில் பேசுகிற அந்தப் பெண்குரல் இருக்கிறதே, அது இந்தப் பக்கம் பாதி வீடுகளுக்கு அவர் கடையிலிருந்துதான் போகிறதாம்.

பக்கத்தில் இருந்த இளைஞர்களுக்கு அவர் கதை சொல்லிக்கொண்டிருந்தார். இந்த அலாரமெல்லாம் இப்போது வந்தது, நான் படிக்கிற காலத்திலேயே பழைய கடிகாரத்தைப் பிரித்து, பல்பொடி டப்பாவில் தகட்டை ஒட்டி எங்கள் முற்றத்தில் வைத்திருந்தேன், அந்த மூளைதான் இன்றைக்குக் கடை என்றார். நான் இருப்பது தெரிந்துதான் சொன்னார். சித்தி இல்லை, சாட்சி இல்லை என்ற தைரியமாக இருக்கும். என் கையில் போளி பாதியில் நின்றது. ஊமை கண்ட கனவு மாதிரி உட்கார்ந்திருக்கிறேன்.

"ஏ தம்பி," என்றாள் அம்மா. இலையிலிருந்து தலையை நிமிர்த்தாமல்தான் சொன்னாள். "அது எம் மவ செஞ்சதுல்லா."

அவர் சிரித்தார். பெரியம்மைக்கு வயசாயிட்டு என்று இளைஞர்களைப் பார்த்துச் சொன்னார்.

"வயசு ஆயிட்டுதான். அன்னைக்குக் காது நல்லாத்தான் கேட்டுது. உங்க அடுத்த செவத்துல நானும் காதை வச்சேன். கீன்னு கத்திக் கிர்ருன்னு இழுக்கும். எம் மவ டப்பா நெளிஞ்ச டப்பா. பிள்ளைகளைக் கொல்லும்னு எங்கையில இருந்து வாங்கிட்டுப் போய், உங்க குழாயில கட்டுனிய."

அம்மா குரலை உயர்த்தவே இல்லை. ஆனாலும் பந்தியில் ரெண்டு வரிசைக்கும் கேட்டது. சாம்பார் வாளியோடு வந்த ஆள் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்றான். அண்ணன் மோருக்குக் காத்திராமல் இலையை மடித்துவிட்டு எழுந்து போனார். கை கழுவுகிற இடத்தில் அவர் வெகுநேரம் நின்றதைப் பார்த்தேன். அம்மா பரிமாறுகிறவனைக் கூப்பிட்டு இன்னொரு போளி வைக்கச் சொன்னாள்.

எனக்கு ஆறவில்லை. ஏன் ஆற வேண்டும்? காரில் வரும்போது கேட்டேவிட்டேன். தெரிந்திருந்தும் இத்தனை வருஷம் ஏன் பேசாமல் இருந்தாய் என்று. அம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள். ரெண்டு பக்கமும் உழுது போட்ட கரிசல்.

"அன்னைக்கு அவிய வளவுல குடியிருந்தோம்."

"நாம சொந்த வீடு கட்டி எத்தனை வருசம் ஆச்சு?"

"அதுக்கப்புறம் யாரு பேச்ச எடுத்தா? இன்னைக்கு அவனே எடுத்தான்." பிறகு அவளாகவே சொன்னாள். "அவங்க அம்மைட்ட மன்னிப்புக் கேட்டேன்லா, அது எனக்கு நெஞ்சுல கெடந்துச்சு. அதைத் திருப்பி வாங்கிட்டேன்."

நான் விடவில்லை. எனக்கு வேண்டியது அது இல்லை.

"வெவரம் தெரியாத புள்ளன்னு சொன்னியே, அது?"

அம்மா என் பக்கம் திரும்பி, சின்ன வயதில் ரிப்பன் கட்டும்போது பார்ப்பாளே, அப்படிப் பார்த்தாள்.

"அதையும் சேத்துத்தான் வாங்கினேன்," என்றாள்.